பெருநகரில் ஒரு வார இறுதி: குடும்பத்துக்குக் கட்டுப்படியான விடுதியைத் தேடும் முறை

1951ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் வீடு கட்டி விற்கும் தொழில் செய்துவந்த கெம்மன்ஸ் வில்சன் என்பவர், மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டனுக்குப் பயணம் போனார். வழியில் தங்கிய விடுதிகள் அறை வாடகையோடு நிற்காமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் பணம் கேட்டன. அந்த ஆற்றாமையே, மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் மெம்பிஸில் திறந்த முதல் ஹாலிடே இன் விடுதிக்குக் காரணமாக அமைந்தது. பெற்றோரின் அறையிலேயே தங்கும் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் வாங்கப்படவில்லை.

அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. ஆனாலும் பெரும்பாலான நகர விடுதிகள் இன்றும் இருவரை மனத்தில் வைத்தே அறையைக் கட்டுகின்றன, இருவருக்கென்றே விலையையும் சொல்கின்றன. இணையத்தில் தேடும்போது முதலில் கண்ணில் படும் குறைந்த வாடகை, இரண்டு பெரியவர்கள் ஒரே கட்டிலில் உறங்கும் அறைக்கானது. பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்தவுடன் அந்த விலை காணாமல் போய்விடுகிறது. பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து பயணத்தையே கைவிடுகின்றன, அல்லது எவருக்கும் தூக்கம் வராத ஓர் அறையை ஏற்றுக்கொள்கின்றன. தேடும் வரிசையை மாற்றினாலே இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். வாடகையை முதலில் பார்க்காமல், நம் வீட்டில் யார் யார் எப்படி உறங்குவார்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

யார் எங்கே படுப்பார்கள்?

ஒரு தாளில் குடும்பத்தினரின் பெயர்களையும் வயதையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே அவருக்கு எப்படிப்பட்ட படுக்கை வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குத் தொட்டில் வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை பெற்றோரின் நடுவே படுத்துக்கொள்ளும். பதினான்கு வயதுப் பையன் தன் தங்கையுடன் ஒரே கட்டிலில் படுக்க மறுப்பான். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் பாட்டிக்குக் குளியலறையை ஒட்டிய கட்டிலே ஏற்றது. இவற்றை எழுதிப் பார்க்கும்போதுதான், நமக்கு வேண்டியது பெரிய அறையா, கூடுதல் கட்டிலா, இரண்டு அறைகளா என்பது தெளிவாகிறது.

அடுத்து, விடுதிகள் கட்டிலைக் குறிக்கும் பெயர்களை அளவுகளாக மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அளவுமுறையில் டபுள் கட்டில் ஏறத்தாழ 137 சென்டிமீட்டர் அகலமும், குயீன் கட்டில் 152 சென்டிமீட்டர் அகலமும், கிங் கட்டில் 193 சென்டிமீட்டர் அகலமும் கொண்டவை. மற்ற நாடுகளில் இதே பெயர்கள் வேறு அளவுகளைக் குறிக்கக்கூடும் என்பதால், அறை விவரத்தில் அகலம் எண்ணால் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இரண்டு டபுள் கட்டில்கள் உள்ள அறையில் இரண்டு பெரியவர்களும் இரண்டு சிறு பிள்ளைகளும் நிம்மதியாக உறங்கலாம். பிள்ளைகள் வளர்ந்தவர்களாக இருந்தால், 137 சென்டிமீட்டரில் இருவர் படுப்பது இரண்டாம் இரவிலேயே சச்சரவில் முடியும்.

‘நான்கு பேர் தங்கலாம்’ என்ற வரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த நான்காவது இடம் சுவரில் மடிந்திருக்கும் கட்டிலாக இருக்கலாம், சோபாவை விரித்துப் போடும் படுக்கையாக இருக்கலாம், தரையில் போடும் மெத்தையாகவும் இருக்கலாம். சில விடுதிகளின் ‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்ற சலுகை, அறையில் ஏற்கெனவே இருக்கும் கட்டிலைப் பெற்றோருடன் பகிர்ந்துகொள்ளும் குழந்தைக்கு மட்டுமே பொருந்தும். கூடுதல் கட்டில் கேட்டால் அதற்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. ஆகவே இலவசமாகக் கிடைப்பது படுக்கையா, வெறும் அனுமதியா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொட்டிலைப் பொறுத்தவரை, பெரும்பாலான விடுதிகளில் சில தொட்டில்களே இருக்கும். முன்பதிவின்போதே கேட்டுவைக்காவிட்டால், போய்ச் சேர்ந்த இரவில் அது வேறொரு அறையில் இருக்கும்.

பிள்ளைகளின் எண்ணிக்கையை மறைத்து, இருவர் அறையைப் பதிவு செய்துவிட்டு நால்வராகப் போய் நிற்பதைச் சிலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம் என்ற வரம்பு பல இடங்களில் தீ விபத்துப் பாதுகாப்பு விதிகளோடு தொடர்புடையது. கட்டடத்தை அவசரமாகக் காலி செய்ய நேரும்போது ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் என்ற கணக்கு விடுதியிடம் சரியாக இருக்க வேண்டும். அதோடு, வரவேற்பு மேசையில் இருப்பவர் இரண்டாவது அறை எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னால், அந்த நேரத்தில் அன்றைய மிக உயர்ந்த விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓர் அறையா, இரண்டு அறைகளா?

நான்கு பேருக்கு மேல் போனால், ஒரே அறையில் எல்லோரையும் ஏற்கும் விடுதிகள் மிகக் குறைவு. அப்போது குடும்ப அறை ஒன்றையும் சாதாரண இருவர் அறைகள் இரண்டையும் அருகருகே வைத்து விலை பார்க்க வேண்டும். குடும்ப அறை அரிதாகக் கிடைப்பதால் அதற்கு உயர்ந்த விலை வைக்கும் விடுதிகள் உண்டு. அங்கே இரண்டு சிறிய அறைகள் அதைவிட மலிவாக வந்துவிடுவதும் உண்டு. அப்படி அமைந்தால், இரண்டாவது குளியலறை கிடைப்பதே பெரிய ஆதாயம். காலையில் ஐந்து பேர் குளித்துக் கிளம்ப வேண்டிய குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும்.

இரண்டு அறைகள் என்று முடிவானால், ஒரு சொல்லில் கவனம் வேண்டும். ‘அடுத்தடுத்த அறைகள்’ என்றால் நடைபாதையில் பக்கத்துப் பக்கத்துக் கதவுகள் மட்டுமே. ‘உள்கதவால் இணைந்த அறைகள்’ என்பது வேறு. அங்கே இரண்டு அறைகளுக்கும் இடையே திறந்து மூடக்கூடிய கதவு ஒன்று இருக்கும், பிள்ளைகள் நடைபாதைக்கு வராமலே பெற்றோரிடம் வரலாம். பல விடுதிகள் இதை ஒரு விருப்பமாகக் குறித்துக்கொள்ளுமே தவிர, உறுதியாகத் தரமாட்டா. எங்கள் குடும்பம் ஒருமுறை இரண்டு அறைகளைப் பதிவு செய்து, அவை பக்கத்தில்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஒன்று மூன்றாம் தளத்திலும் மற்றொன்று ஏழாம் தளத்திலும் கிடைத்தன. நானும் மனைவியும் ஆளுக்கொரு பிள்ளையை அழைத்துக்கொண்டு பிரிந்து தங்கினோம். அதற்குப் பிறகு, எழுத்தில் உறுதி தராத விடுதியில் இரண்டு அறைகளை நான் எடுத்ததில்லை. முன்பதிவின்போதே இணைந்த அறைகளை உறுதிப்படுத்தும் வசதியை ஹில்டன் விடுதித் தொடர் 2021இல் அறிமுகப்படுத்தியது. அத்தகைய உறுதி தரும் விடுதிகளை முதலில் பார்ப்பது நல்லது.

எத்தகைய தங்குமிடங்களைப் பார்க்க வேண்டும்?

விடுதி என்றவுடன் சுற்றுலா இடங்களை ஒட்டிய விடுதிகளே நினைவுக்கு வருகின்றன. வார இறுதியில் அவைதான் நிரம்பி வழியும், விலையும் ஏறியிருக்கும். அலுவலகங்கள் நிறைந்த பகுதிகளிலும் விமான நிலையத்தை அடுத்தும் உள்ள விடுதிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. திங்கள் முதல் வியாழன் வரை அலுவல் பயணிகளால் நிறையும் அவை, வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு வெறிச்சோடுகின்றன. அந்த அறைகளை நிரப்ப வார இறுதி வாடகையைக் குறைப்பது வழக்கம். பகுதி அமைதியாக இருக்கும், அறைகள் சுத்தமாக இருக்கும், வேலை நாள்களின் நெரிசலுக்காகப் போடப்பட்ட ரயில் தடம் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். சனி, ஞாயிறு நாள்களில் அங்கே கடைகள் மூடியிருக்கக்கூடும் என்பது மட்டுமே குறை. குடும்பத்துக்கு மலிவான வார இறுதி வேண்டுமென்றால், நான் முதலில் தேடுவது இத்தகைய விடுதிகளைத்தான்.

சமையல் வசதியுள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பல வகையில் ஏற்றவை. பாலைச் சூடு செய்யலாம், குளிரில் வைக்க வேண்டிய மருந்துக்கு ஃபிரிட்ஜ் இருக்கும், பிள்ளைகள் உறங்கிய பின் பெரியவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேறொரு அறை இருக்கும். தனியார் வீடுகளை நாள் வாடகைக்கு எடுப்பதிலும் இதே வசதிகள் உண்டு. ஆனால் வார இறுதிக்கு அதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. துப்புரவுக் கட்டணம் என்று ஒன்றை, எத்தனை இரவுகள் தங்கினாலும் ஒரே தொகையாக வாங்குவார்கள். ஏழு இரவுகள் தங்குபவருக்கு அது ஏழில் ஒரு பங்காகப் பிரிந்துபோகும். இரண்டே இரவுகள் தங்குபவர் ஒவ்வோர் இரவுக்கும் அதில் பாதியைச் சுமக்க வேண்டும். மேலும், சில நகரங்கள் இத்தகைய குறுகிய கால வாடகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 30 நாள்களுக்குக் குறைவான வாடகைக்கு வீட்டுக்காரர் பதிவு பெற்றிருக்க வேண்டும், அவரும் அங்கேயே தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அந்த வழி அங்கே அடைபட்டுவிட்டது. எந்த நகரமானாலும், பதிவு எண் இல்லாத விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் முன்பு அந்நகரின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இளைஞர் விடுதிகள், அதாவது ஹாஸ்டல்கள், குடும்பத்துக்குப் பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1912இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் முதல் இளைஞர் விடுதியை அமைத்தபோது, நடைப்பயணம் போகும் மாணவர்களையே மனத்தில் கொண்டிருந்தார். இன்று அதே வகை விடுதிகளில் பல, நான்கு அல்லது ஆறு படுக்கைகள் கொண்ட ஓர் அறையை முழுமையாக ஒரு குடும்பத்துக்கே தருகின்றன. அடுக்குக் கட்டில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்போல் தோன்றும், பொதுச் சமையலறையும் இருக்கும். குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, சிறுவர்களை அனுமதிக்கும் குறைந்தபட்ச வயது ஏதும் உண்டா என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டால் போதும். மாணவர் விடுமுறைக் காலத்தில் தங்கள் விடுதி அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அவை பெரும்பாலும் நகரின் நல்ல இடத்தில் இருக்கும், ஆனால் அறைகள் ஒருவருக்கானவை என்பதால், வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கே பொருந்தும்.

தொலைவின் விலை

நகர மையத்தில் உள்ள அறைக்கும் புறநகரில் உள்ள அறைக்கும் இடையே பெரிய விலை வித்தியாசம் தெரியும்போது, மலிவானதை எடுத்துவிட மனம் தாவும். அதற்கு முன்பு ஒரு பெருக்கலைச் செய்து பாருங்கள். நான்கு பேர், இரண்டு நாள்கள், நாளுக்கு ஒருமுறை போய் வருவது என்றால் 16 பயணச்சீட்டுகள். சிறு குழந்தை மதியம் தூங்க வேண்டும் என்று நடுவில் அறைக்கு வந்து மீண்டும் கிளம்பினால் 32. வந்து சேர்ந்த நாளும் கிளம்பும் நாளும் பெட்டிகளோடு செய்யும் பயணம் இதில் சேரவில்லை. இந்தத் தொகையை இரண்டு இரவு வாடகையோடு கூட்டிய பிறகு புறநகர் விடுதி இன்னும் மலிவாக இருந்தால்தான் அது உண்மையில் மலிவானது.

பணத்தை மட்டும் கூட்டினால் போதாது, நேரத்தையும் கூட்ட வேண்டும். ஒருவழிப் பயணத்துக்கு ஐம்பது நிமிடங்கள் என்றால், இரண்டு நாள்களில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போகிறது. வார இறுதியில் விழித்திருக்கும் நேரத்தில் அது சிறிய பங்கு அல்ல. எனது கணிப்பில், வண்டி மாறாமல் அரை மணி நேரத்துக்குள் வரக்கூடிய இடமே நல்ல சமரசம். ஒருமுறை வண்டி மாறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு முறை மாற வேண்டிய இடத்தை, தள்ளுவண்டியில் குழந்தை உள்ள குடும்பம் தவிர்த்துவிடுவது நல்லது. நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா, இரவின் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, நிலையத்திலிருந்து விடுதி வரை நடக்கும் தெரு இரவில் வெளிச்சமாக இருக்கிறதா ஆகிய மூன்றையும் வரைபடத்தில் தெருக்காட்சி வழியாகவும் போக்குவரத்து நிறுவனத்தின் பக்கத்திலும் பார்த்துவிடலாம். எத்தனை வயது வரை பிள்ளைகளுக்குப் பயணச்சீட்டு வேண்டாம் என்பதையும் அங்கேயே காணலாம். அது மேலே செய்த பெருக்கலை மாற்றிவிடும். சொந்தக் காரில் போகிறவர்களுக்குப் பயணச்சீட்டுக்குப் பதிலாக நிறுத்துமிடக் கட்டணம் வருகிறது. சில நகர மையங்களில் இரண்டு இரவுக்கான அந்தக் கட்டணம் அறை வாடகையின் குறிப்பிடத்தக்க பங்காக இருக்கும் என்பதால், கார் உள்ள குடும்பத்துக்குப் புறநகரின் ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதி பெரும்பாலும் உகந்தது.

எந்த இரவுகள், எப்போது பதிவு?

1980களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போன்ற விமான நிறுவனங்கள், ஒரே இருக்கையை நாளுக்கு நாள் வெவ்வேறு விலைக்கு விற்கும் முறையைக் கணினியின் துணையோடு வளர்த்தெடுத்தன. மாரியட் போன்ற விடுதித் தொடர்கள் அதைப் பின்பற்றின. இன்று சிறிய விடுதிகூட அந்த முறையில்தான் விலை வைக்கிறது. எந்த இரவுக்குத் தேவை மிகுதியோ, அந்த இரவின் விலை தானாகவே ஏறும். ஆகவே தேதியை ஒரு நாள் நகர்த்த முடிந்தாலே பெரிய தொகை மிச்சமாகும். வெள்ளி, சனி இரவுகளுக்குப் பதிலாகச் சனி, ஞாயிறு இரவுகளைப் பார்த்தால், ஞாயிறு இரவு பல நகரங்களில் மலிவாகக் கிடைக்கும். பள்ளியும் அலுவலகமும் ஒரு திங்கட்கிழமையை விட்டுத்தந்தால் இந்த வழி மிகவும் பலன் தரும். மாரத்தான், பெரிய இசை நிகழ்ச்சி, வணிகக் கண்காட்சி, முக்கியமான விளையாட்டுப் போட்டி இவற்றில் ஏதேனும் ஒன்று அந்த வார இறுதியில் நகரில் நடந்தால், மலிவான அறை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தேதியை முடிவு செய்யும் முன்பே நகரின் நிகழ்ச்சி நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

கடைசி நேரத்தில் விலை குறையும் என்று காத்திருக்கும் உத்தி தனியாகப் போகிறவர்களுக்கும் இணையர்களுக்கும் பலிக்கலாம். குடும்பத்துக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். நூறு அறைகள் உள்ள விடுதியில் நால்வர் அறைகள் ஒரு சிலவே இருக்கும்; அவைதான் முதலில் தீரும். கடைசி நாளில் மலிவாக மிஞ்சியிருப்பவை இருவர் அறைகள். எனவே தேதி உறுதியானவுடன், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய விலையில் ஓர் அறையைப் பதிவு செய்துவிடுங்கள். பின்னர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், ரத்து செய்வதற்கான கெடுவுக்கு ஓரிரு நாள் முன்பும் அதே அறையின் விலையைப் பாருங்கள். குறைந்திருந்தால் புதிய விலையில் பதிவு செய்து, அது உறுதியான பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். அந்தக் கெடு வழக்கமாக விடுதி இருக்கும் ஊரின் நேரப்படி கணக்கிடப்படும் என்பதை வெளிநாடு போகிறவர்கள் மறந்துவிடக் கூடாது. ரத்து செய்ய முடியாத விலை சற்றுக் குறைவாக இருந்தாலும், சிறு பிள்ளைக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று யாரும் சொல்ல முடியாது என்பதால், அந்த வித்தியாசத்தைக் காப்பீட்டுத் தொகையாக நினைத்துக் கொடுத்துவிடுவதே மேல்.

முழுத் தொகையை ஒரே இடத்தில் எழுதுங்கள்

தேடல் பக்கத்தில் முதலில் பெரியவர்களின் எண்ணிக்கையையும், பிறகு ஒவ்வொரு பிள்ளையின் வயதையும் உள்ளபடி கொடுங்கள். தங்கப்போகும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதாகியிருக்கும் என்பதே கணக்கு. பயணத்துக்கு முந்தைய வாரம் பன்னிரண்டு முடிந்துவிட்டால் சலுகையும் முடிந்துவிடக்கூடும். பிறகு நான்கைந்து விடுதிகளுக்கு ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள்: இரண்டு இரவு வாடகை, வரி, கூடுதல் கட்டில், காலை உணவு, வாகன நிறுத்தம் அல்லது பயணச்சீட்டு. இந்தத் தாளில் கடைசி வரியில் வரும் தொகையை ஒப்பிடும்போது, முதல் வரியில் மலிவாகத் தெரிந்த விடுதி மூன்றாம் இடத்துக்குப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாடகைக்கு மேல் சேரும் கட்டணங்கள் இரண்டு வகை. நகர நிர்வாகம் விதிக்கும் சுற்றுலா வரி ஒன்று. பல நகரங்களில் இது முன்பதிவின்போது வாங்கப்படாமல் விடுதியில் நேரில் வாங்கப்படுகிறது, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தோன்றும். ஆனால் சில நகரங்களில் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு: ரோமில் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், பாரிஸில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இந்த வரி இல்லை. மற்றொரு வகை, விடுதியே சேர்க்கும் ‘வசதிக் கட்டணம்’. இதை முதலில் காட்டாமல் கடைசிப் பக்கத்தில் சேர்க்கும் வழக்கத்துக்கு எதிராக, தங்குமிடங்களின் விளம்பர விலையில் கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்தது. எல்லா நாடுகளிலும் இப்படிப்பட்ட பாதுகாப்பு இல்லாததால், பணம் செலுத்தும் பொத்தானுக்கு முந்தைய பக்கத்தில் உள்ள தொகையையே உங்கள் தாளில் எழுதுங்கள்.

காலை உணவை அறையோடு சேர்த்து வாங்குவதா என்பது பிள்ளைகளின் வயதைப் பொறுத்தது. சிறு பிள்ளைகளுக்கு இலவசம் என்றால் வாங்கலாம். ஐந்து பேருக்கும் முழுக் கட்டணம் என்றால் வெளியே சாப்பிடுவது பெரும்பாலும் மலிவு.

மதிப்புரைகளைப் படிக்கும் விதம்

நட்சத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உலகம் முழுவதற்குமான பொதுவான நட்சத்திர அளவுகோல் இல்லை. ஐரோப்பிய நாடுகள் சில 2009இல் ஒன்றுசேர்ந்து தங்களுக்குள் ஒரு பொது அளவுகோலை உருவாக்கிக்கொண்டன, மற்ற இடங்களில் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அதிலும், லிஃப்ட், வரவேற்பு மேசை இயங்கும் நேரம் போன்ற வசதிகளையே நட்சத்திரங்கள் பெரிதும் அளக்கின்றன. இரவில் பக்கத்து அறையின் சத்தம் கேட்குமா என்பதை அவை சொல்வதில்லை.

அதைச் சொல்பவர்கள் அங்கே தங்கிச் சென்றவர்கள். மிகவும் புகழ்ந்தவற்றையும் மிகவும் திட்டியவற்றையும் ஒதுக்கிவிட்டு, நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். நிறையும் குறையும் அங்கேதான் ஒன்றாகக் கிடைக்கும். கடந்த ஆறு மாதங்களில் வந்தவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். ‘குழந்தை’, ‘சத்தம்’, ‘லிஃப்ட்’, ‘வெந்நீர்’ போன்ற சொற்களை இட்டுத் தேடினால் நூறு மதிப்புரைகளில் நமக்கு வேண்டிய பத்து அகப்பட்டுவிடும். ஒரே குறையை மூவர் தனித்தனியாகச் சொன்னால் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். விருந்தினர்கள் எடுத்த படங்களில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். அறையின் பரப்பளவு கொடுக்கப்பட்டிருந்தால், நால்வருக்கு 20 சதுர மீட்டருக்குக் குறைந்தது நெருக்கடியாக இருக்கும் என்பது என் அனுபவம். 25 இருந்தால் பெட்டிகளைத் திறந்து வைத்தும் நடமாடலாம்.

ஒரு தொலைபேசி அழைப்பு

இரண்டு அல்லது மூன்று விடுதிகளாகச் சுருக்கிய பிறகு, விடுதியை நேரடியாக அழைத்துப் பேசுங்கள். தொடர் விடுதிகளின் பொது எண்ணைவிட அந்தக் கிளையின் வரவேற்பு மேசையே நல்லது. அறைகளைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வேலை நாளில், காலையில் விருந்தினர்கள் கிளம்பி முடித்து, பிற்பகலில் புதியவர்கள் வரத் தொடங்குவதற்கு முன்பு அழைத்தால் பொறுமையாகப் பேசுவார்கள். “இரண்டு பெரியவர்கள், ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், இந்தத் தேதியில் இரண்டு இரவுகள். நான்கு பேரும் தனித்தனியாகப் படுக்கும் அறை எது, அது எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். இணையத்தில் பார்த்த விலையைச் சொல்லி, நேரடியாகப் பதிவு செய்தால் அதே விலையிலோ காலை உணவைச் சேர்த்தோ தர முடியுமா என்றும் கேளுங்கள். முன்பதிவுத் தளங்களுக்கு விடுதி தரகுத்தொகை கொடுக்கிறது; அது மிச்சமாகும்போது விட்டுக்கொடுக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. ஐந்தாவது ஆளைத் தளத்தின் தேடல் ஏற்காத விடுதியிலும், நேரில் கேட்டால் கட்டில் போட்டுத் தருவது உண்டு. ஒப்புக்கொண்டவற்றை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பேசியவரின் பணிநேரம் அன்று நம்முடைய வருகையோடு சேர்ந்து வராது.

பணம் செலுத்தும்போது ஒரு கவனம் தேவை. பதிவு செய்த சில நாள்களில், ‘உங்கள் அட்டையைச் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் முன்பதிவு ரத்தாகும்’ என்று இணைப்போடு செய்தி வந்தால் அதைத் தொடவே வேண்டாம். விடுதிகளின் கணக்குகளைத் திருடி, உண்மையான பதிவு விவரங்களோடு இப்படிச் செய்தி அனுப்பும் மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது. விடுதியின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்துக் கேளுங்கள். தளத்துக்கு வெளியே வங்கிப் பரிமாற்றமாகப் பணம் அனுப்பச் சொல்லும் வீட்டுக்காரரிடம் பேச்சைத் தொடர வேண்டியதில்லை.

வந்து சேரும் நாள்

அறை பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், காலை பத்து முதல் பன்னிரண்டு மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்பது பெரும்பாலான விடுதிகளின் வழக்கம். முன்கூட்டியே வந்தாலும், காலி செய்த பிறகும், பெட்டிகளை வைத்துவிட்டுப் போகலாமா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதை அழைக்கும்போதே கேட்டுக்கொண்டால் இரண்டு அரை நாள்கள் கையில் கிடைக்கும். வீடுகளை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இந்த வசதி பொதுவாக இல்லாததால், அவர்கள் நிலையத்தின் பொருள் காப்பகத்தை நாட வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கான மாற்று உடை, நீச்சலுடை, மருந்து ஆகியவற்றைப் பெரிய பெட்டியில் போடாமல் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல விடுதிகள் வந்தவுடன் ஒரு முன்வைப்புத் தொகையை அட்டையில் தடுத்து வைக்கும். கடன் அட்டையில் அது வரம்பை மட்டுமே குறைக்கும். வங்கிக் கணக்கோடு இணைந்த டெபிட் அட்டையில், அந்தப் பணம் நம் கைக்கு எட்டாமல் நாள்கணக்கில் நின்றுவிடும், அது வார இறுதிச் செலவுக்கு வைத்திருந்த பணமாகவும் இருக்கலாம். வெளிநாட்டில் அட்டையைத் தேய்க்கும்போது, உங்கள் ஊர் நாணயத்திலா உள்ளூர் நாணயத்திலா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாக இருக்கும்.

சாவி கிடைத்து அறைக்குள் போனவுடன், பெட்டிகளைத் திறப்பதற்கு முன்பு கட்டில்களை எண்ணுங்கள். சன்னல் எவ்வளவு தூரம் திறக்கிறது, மேல்மாடத்தின் கம்பி பிள்ளைக்கு எட்டுமா, குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க முடியுமா, தொட்டிலின் மெத்தை சட்டத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏதேனும் சரியில்லை என்றால் அப்போதே கீழே போய், மின்னஞ்சலைக் காட்டி, வேறு அறை கேளுங்கள். ஒரு பெட்டியும் திறக்கப்படாத அந்தப் பத்து நிமிடங்களில் அறையை மாற்றித் தருவது விடுதிக்கும் எளிது, குடும்பத்துக்கும் எளிது.